ஹெச்.எம். டீச்சர் பணி நிறைவு, மே 31: விழாவில் நாம் என்ன சொல்லப் போகிறோம்?

வண்டிப்பாளையத்தான் (1997 பேட்ச்)

எல்லோருக்கும் வணக்கம். வரும் மே 31 அன்று கடலூரில் உள்ள நம் உதவிபெறும் பள்ளியின் ஹெச்.எம். டீச்சர் பணி நிறைவு பெறுகிறார். பழைய 58 வயதுக் கணக்குப்படி என்றால் இரண்டு வருடம் முன்பே போயிருப்பார். ஓய்வு வயதை அரசு 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியதால் அந்த இரண்டு வருடம் நம் பள்ளிக்குக் கூடுதலாகக் கிடைத்தது. இனி நீட்டிப்பு இல்லை.

பாராட்டு விழாவைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தத் தாளாளர் சம்மதித்துவிட்டார். பந்தல், சாப்பாடு இதெல்லாம் வாட்ஸப் குழுவில் பேசிக்கொள்ளலாம். இங்கே நான் பேச வந்தது வேறு.

விழாக் குழு தயாரித்த ஃப்ளெக்ஸ் மாதிரியைப் பார்த்தேன். 'தேர்ச்சி விகிதத்தை உயர்த்திய சாதனையாளர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே நம் பள்ளியில் படித்து டாக்டர், இன்ஜினியர், அதிகாரி ஆனவர்களின் படங்கள். அவர்களைத்தான் மேடையிலும் உட்கார வைக்கப் போகிறார்களாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டீச்சர் தலைமை ஆசிரியராக இருந்த இத்தனை வருடத்தில் நம் பள்ளி பிளஸ் டூவில் ஒருமுறைகூட 100 சதவீதம் வாங்கியதில்லை. பக்கத்துப் பள்ளிகள் வாங்கின, கேடயமும் வாங்கின. நம்மால் முடியாததற்குக் காரணம் டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்பதல்ல. 100 வாங்கச் சுலபமான வழி எது என்று ஆசிரியராக இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தேறாது என்று தோன்றும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, 'வேற ஸ்கூல் பாத்துக்கங்க' என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவது. டீச்சர் அதைச் செய்யவே இல்லை. செய்யாதது மட்டுமல்ல, தானாக நின்றுபோன பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கூட்டி வந்து பரீட்சை எழுத வைத்தார். அவர்களில் சிலர் ஃபெயில் ஆனார்கள். அதனால்தான் நமக்கு 91, 93 என்று நின்றது.

அந்த 93ஐத்தான் நாம் பாராட்ட வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர் கடைக்காரர் (1994 பேட்ச்)

தம்பி, ஃப்ளெக்ஸ் வாசகம் என்னுடையதுதான். நல்ல மனசோடுதான் எழுதினேன், மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. 1992இல் டீச்சர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எடுத்த முதல் பிளஸ் ஒன் காமர்ஸ் செட்டு நாங்கள். எங்களுக்கு அவரை நாலு பேர் முன்னால் கௌரவமாக உட்கார வைத்துப் பார்க்க ஆசை. வெறுங்கையோடு அனுப்ப முடியாது. பொன்னாடை, ஒரு மோதிரம், நினைவுப் பரிசு இதெல்லாம் இருந்தே ஆக வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர்கள் வந்து காலில் விழுந்தால் அது டீச்சருக்குத்தானே பெருமை?

அபுதாபியிலிருந்து (2000 பேட்ச்)

என் பங்கு இன்றே அனுப்பிவிடுகிறேன். எங்கள் செட்டில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறேன். மோதிரமோ வேறு எதுவோ, நீங்கள் முடிவு செய்யுங்கள். நேரலை மட்டும் போடுங்கள், அது போதும்.

வண்டிப்பாளையம் அண்ணா, டீச்சரின் அந்த 'வராதவர் நோட்டு' இப்போதும் இருக்கிறதா? அதை ஸ்கேன் செய்து மேடையில் திரையில் காட்டலாமே?

வண்டிப்பாளையத்தான் (1997 பேட்ச்)

இருக்கிறது தம்பி. ஒன்றல்ல, பல நோட்டுகள். போன மாதம் ஆடிட்டர் அலுவலகத்து வேலையாகப் பள்ளிக்குப் போனபோது அவர் மேசையில் பார்த்தேன். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

காலிகோ பைண்டு போட்ட நீள லெட்ஜர் நோட்டு. கணக்குப்பதிவியல் டீச்சர் அல்லவா, கட்டங்களைச் சிவப்பு மையில் அவரே கோடு போட்டிருப்பார். தேதி, பெயர், வகுப்பு, ஊர், எத்தனை நாளாக வரவில்லை, வீட்டில் யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள். கடைசிக் கட்டம் 'திரும்பிய தேதி'. காரணம் எழுதும் கட்டத்தில் அலங்காரம் எதுவும் இருக்காது. 'அப்பா படுக்கை', 'தங்கையைப் பார்த்துக்கொள்ள', 'செருப்பு இல்லை', 'முந்திரி உடைக்கப் பண்ருட்டி', 'கணக்கு வாத்தியாருக்குப் பயம்' இப்படி இருக்கும்.

பக்கம் முடியும்போது கடைசிக் கட்டம் காலியாக உள்ள பெயர்களுக்கு எதிரே 'கீ/இ' (கீழிறக்கப்பட்டது) என்று போடுவார். அதே பெயர்கள் அடுத்த பக்கத்தின் தலைப்பில் 'கீ/கொ' (கீழ்க்கொணரப்பட்டது) என்று மறுபடி வரும். நமக்கு அவர் நடத்திய பேரேட்டு இருப்பு மாதிரியேதான். ஒரு பெயர் திரும்பிவரும்வரை, அல்லது வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகும்வரை, பக்கத்துக்குப் பக்கம் இறங்கிக்கொண்டே வரும். நான் பார்த்த பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் நாலு பக்கமாக இறங்கி வந்திருந்தது. நாலாவது பக்கத்தில் திரும்பிய தேதி இருந்தது.

சிங்காரத்தோப்பு (2007 பேட்ச்)

ஸ்கேன் செய்வது, திரையில் காட்டுவது இரண்டும் வேண்டாம் அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறது. காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கும் சில பேருடைய வீட்டுக் கஷ்டமெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. அவர்கள் டீச்சரிடம் சொன்னது, ஊரிடம் சொன்னது அல்ல.

என் விஷயத்தை நானே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு லீவு. நான் பத்தாம் வகுப்பு. சுனாமியில் எங்கள் வீடு போனது, சித்தப்பா போனார். நாங்கள் முதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தோம். அப்போது டீச்சர் ஹெச்.எம். இல்லை, எங்கள் கிளாஸ் டீச்சர்கூட இல்லை, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுப்பவர். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பத்தாம் வகுப்பின் மூன்று செக்ஷன் வருகைப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். எங்கள் கிளாஸ் டீச்சரும் கூட வந்திருந்தார். உள்ளே ஒரே அழுகை, சத்தம். டீச்சர் கதவு ஓரமாக நின்று சத்தமாகப் பெயர் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது 'இருக்கேன் டீச்சர்' என்றோ, 'அவ வெள்ளிக் கடற்கரைப் பக்கம் அத்தை வீட்டுல இருக்கா' என்றோ சொன்னார்கள். பென்சிலால் குறித்துக்கொண்டார். பதில் வராத பெயருக்கு அவர் எதுவும் குறிக்கவில்லை, மறுபடி ஒருமுறை படித்தார். அந்த இரண்டாவது முறை படித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

என் பெயர் வந்தபோது நான் பதில் சொல்லவில்லை. அம்மாதான் 'இருக்கு' என்றார்.

பிறகு ஜனவரியில் பள்ளி திறந்தும் நான் போகவில்லை. புத்தகம் கிடையாது, போக மனசும் கிடையாது. டீச்சர் இரண்டு தடவை வந்தார். மார்ச் மாதம் பரீட்சை எழுதினேன். இன்றைக்கு நான் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மேடையில் படம் போடும் அளவுக்குப் பெரிய பதவி இல்லை. ஆனால் என்னைப் பேசச் சொன்னால் இதைப் பேசுவேன்.

முதுநகர் கடைக்காரர் (1994 பேட்ச்)

தங்கச்சி, நீ பேசுகிறாய். அது முடிவாகிவிட்டது. அந்த நாலு நாளும் நான் அதே மண்டபத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன். இந்த விஷயம் எனக்குத் தெரியாது.

நோட்டைத் திரையில் காட்ட வேண்டாம். சரி.

கேப்பர் மலை (2003 பேட்ச்)

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு வேறு அனுபவம், அதையும் எழுதி வைக்கிறேன். யாரும் கோபப்பட வேண்டாம்.

2001இல் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஃபர்ஸ்ட் குரூப் கேட்டேன். சேர்க்கைக் குழுவில் டீச்சர் இருந்தார். காமர்ஸ் குரூப்தான் என்று சொல்லிவிட்டார்கள். என் அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து வராண்டாவில் மத்தியானம்வரை நின்றார். டீச்சர் வெளியே வந்து, 'மார்க்குப்படிதான் குரூப். இவன் கணக்கு மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப் தாங்க மாட்டான்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா மறுபேச்சு பேசாமல் சைக்கிளை எடுத்தார். இப்போது நான் ஹார்டுவேர் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறேன். டீச்சர் சொல்லிக் கொடுத்த கணக்குதான் கடையை நடத்துகிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் என் அப்பாவோடு அவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு அது ஆறவில்லை.

வீடு வீடாகப் போனவர் என்று சொல்கிறீர்கள். டீச்சரைத் தேடிப் பள்ளிக்கே வந்த ஒருவர் வராண்டாவில் நின்றார். இதுவும் நடந்தது.

பண்ருட்டி வாத்தியார் (1999 பேட்ச்)

தம்பி, நான் இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியன். குரூப் ஒதுக்குவதில் நடப்பதைச் சொல்கிறேன். உதவிபெறும் பள்ளியில் ஒரு குரூப்புக்கு இத்தனை இடம்தான் என்று இருக்கும். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு எப்போதும் கூட்டம். மார்க் வரிசையை ஒருவருக்காகத் தாண்டினால் அடுத்த நிமிடம் பத்துப் பேர் சிபாரிசோடு நிற்பார்கள். அதனால் சில பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரே வரியில் பேசிவிடுவார்கள். டீச்சர் அந்த ரகம்.

ஆனாலும் நீ சொன்னது நியாயம். காரணத்தை உட்கார வைத்துச் சொல்ல இடம் எண்ணிக்கை எந்தத் தடையும் இல்லை.

கேப்பர் மலை (2003 பேட்ச்)

நன்றி அண்ணா. இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது இடத்தைப் பற்றி இல்லை. சரி, இதை இதோடு விடுகிறேன். விழாவுக்கு வருவேன்.

வண்டிப்பாளையத்தான் (1997 பேட்ச்)

எழுதியதற்கு நன்றி தம்பி. இது இந்த இழையில் இருக்கட்டும். நாம் வாழ்த்து மடல் எழுதும்போது 'யார் மனதையும் நோகடிக்காதவர்' போன்ற வரி ஒன்றுகூட வரக் கூடாது. டீச்சர் கடுமையானவர். ஹோம்வொர்க் நோட்டில் தேதி போடாமல் வந்தால் திருப்பி அனுப்புவார். கூட்டல் சரியாக இருந்தாலும் நேர்க்கோடு அடிக்காத விடைக்கு மார்க் குறைப்பார். இருப்பதை இருக்கிறபடி எழுதுவோம்.

செம்மண்டலம் (2012 பேட்ச்)

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூர் பக்கமாகக் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாங்கள் அப்போது பிளஸ் டூ. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நம் பள்ளியில் ஷெட்டின் தகரம் எல்லாம் பறந்து மைதானத்துக்கு வந்துவிட்டது.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம். ராத்திரி படிக்க விளக்கு இல்லை. டீச்சர் அப்போது ஹெச்.எம். ஆகி இரண்டு மூன்று வருடம் இருக்கும். காலை ஆறரை மணிக்கே பள்ளியைத் திறந்தார். 'வெளிச்சம் வந்ததும் வந்துடுங்க, மரத்தடியில உக்காந்து படிங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க' என்றார். அவ்வளவுதான் ஏற்பாடு. பெரிய திட்டம் எல்லாம் இல்லை. ஆனால் தினமும் ஆறரைக்குக் கேட் திறந்திருந்தது, டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

2015 வெள்ளத்திலும் அப்படித்தான் என்று என் தம்பி சொல்வான். அந்த வருடம் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குப் போனது அல்லவா, அப்போது.

முன்னாள் பி.டி.ஏ. டீச்சர் (2001 பேட்ச்)

நான் இங்கேயே படித்து, இங்கேயே பி.டி.ஏ. சம்பளத்தில் சில வருடம் இயற்பியல் எடுத்தவள். அரசு ஒப்புதல் கிடைக்காமல் பணியிடம் காலியாகக் கிடந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகம் குறைந்த சம்பளத்தில் ஆள் வைக்குமே, அந்த வேலை. மாதம் முடிந்தால் பணம் வருமா என்பதே சந்தேகமாக இருக்கும். டீச்சர் ஒன்று செய்தார். பி.டி.ஏ. கூட்டத்தின் முதல் தீர்மானமாக எங்கள் சம்பளத்தை வைப்பார். ஆண்டு விழா, வர்ணம் அடிப்பது, மைக் செட் வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருமுறை ஆண்டு விழாவே அதனால் நடக்கவில்லை. நிறைய பேர் திட்டினார்கள். நான் அந்த மாதம் வாடகை கட்டினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பத்தாவது முடித்த பெண் பிள்ளைகளைப் பற்றி. ஜூன் மாதம் டி.சி. கேட்டு வருபவர்களிடம் 'எந்த ஸ்கூல்ல சேக்கறீங்க?' என்று டீச்சர் கேட்பார். பதில் மழுப்பலாக இருந்தால் அன்றைக்கு டி.சி. எழுதும் கிளார்க் லீவு ஆகிவிடுவார். சாயங்காலமே டீச்சர் அந்த வீட்டில் இருப்பார். கல்யாணப் பேச்சு என்றால் சட்டம் பேச மாட்டார், முதலில் பெண்ணின் அம்மாவோடு பேசுவார். அதிலும் மசியாவிட்டால்தான் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போகும் என்று சொல்வார். சொன்னால் செய்வார்.

2022இல் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் வந்தபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. உதவிபெறும் பள்ளியான நம் பிள்ளைகளுக்கு இல்லை. மாதம் 1000 ரூபாயைக் காட்டித்தான் எத்தனையோ அம்மாக்களைச் சம்மதிக்க வைக்கலாம், நம் கையில் அது இல்லை. டீச்சர் இதைச் சொல்லாத கூட்டமே கிடையாது, சங்கக் கூட்டத்திலும் அதிகாரிகளிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். அவரைப் போல மாநிலம் முழுக்க எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். அன்றைக்கு டீச்சர் எனக்குப் போன் செய்து, 'பழைய பிள்ளைங்க யாரெல்லாம் காலேஜ்ல இருக்காங்கன்னு லிஸ்ட் எடு' என்றார்.

சோனாங்குப்பம் (2023 பேட்ச்)

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ரொம்ப ஜூனியர். எழுதலாமா என்று யோசித்தேன்.

2021இல் கொரோனாவால் பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் பாஸ் போட்டார்களே, அந்த செட்டு நாங்கள். பிளஸ் ஒன்னில் சேர்ந்தேன், ஆனால் படிப்பு பிடிபடவில்லை. ஒன்றரை வருடம் பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் கரும்பலகையில் எழுதுவது எதுவும் புரியவில்லை. அப்பாவோடு ஃபைபர் போட்டில் போக ஆரம்பித்தேன். பங்குக் காசு கையில் வந்தது. பிளஸ் டூவுக்குப் பள்ளிப் பக்கமே போகவில்லை.

டீச்சர் வந்தது காலையில், போட்டு கரைக்கு வந்த நேரம். நாங்கள் வலையிலிருந்து மத்தி உதிர்த்துக்கொண்டிருந்தோம். மீன் செதிலும் சேறுமாகக் கிடக்கும் இடம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார். புத்திமதி சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்பாவிடம், 'இன்னிக்கு டீசல் போக ஒரு பங்கு எவ்வளவு வந்துச்சு?' என்று கேட்டார். அப்பா சொன்னார். 'தடைக்காலத்துல என்ன பண்ணுவான்?' என்று கேட்டார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுக்குத்தான் தடை, ஆனால் அந்த நாட்களில் எங்களுக்கும் அலைச்சல்தான். அப்பா பதில் சொல்லவில்லை. 'காத்து சரியில்லாத நாள், போட்டு போகாத நாள் எல்லாம் ஸ்கூலுக்கு அனுப்புங்க. யூனிஃபார்ம் இல்லன்னாலும் பரவாயில்ல. வாசல்ல யாரும் கேக்காம நான் பாத்துக்கறேன்' என்றார். முழுசாக வா என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

முதலில் வாரத்தில் இரண்டு நாள். பொங்கலுக்குப் பிறகு தினமும் போனேன். 2023 மார்ச் 13, பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. அன்றைக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரம் பேருக்கு மேல் தேர்வுக்கே வரவில்லை என்று டி.வி.யில் சொன்னார்கள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் செட்டுதான் அது. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து, ஆள் எங்கோ வேலையில் இருந்தவர்கள். எங்கள் ஊரிலிருந்தும் நாலு பேர் அப்படி ஆகியிருப்போம். காலை ஏழு மணிக்கு டீச்சர் ஷேர் ஆட்டோ ஒன்றைப் பேசிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஹால் டிக்கெட் அவர் பையில் இருந்தது.

நான் பொருளியலில் ஃபெயில். வண்டிப்பாளையம் அண்ணா சொன்ன தேர்ச்சி விகிதத்தைக் குறைத்தவர்களில் நானும் ஒருவன். ரிசல்ட் வந்த அன்றே துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வைத்தார், ஜூனில் எழுதிப் பாஸ் ஆனேன். தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டேன். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டப் பணமும் கடைசி இரண்டு வருடம் வந்தது. இப்போதும் லீவு நாளில் போட்டுக்குப் போவேன்.

பண்ருட்டி வாத்தியார் (1999 பேட்ச்)

தம்பி எழுதியதை ஆசிரியர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். தொடர்ந்து வராத மாணவரை என்ன செய்வது என்பது ஒரு ஹெச்.எம்.முக்குத் தினசரித் தலைவலி. எமிஸ் என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் அந்தப் பெயரைக் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டால் நம் பள்ளிக் கணக்கிலிருந்து போய்விடும். தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப்பட்டியலில் இருக்காது, ஆப்சென்ட் கணக்கும் நம் தலையில் விழாது. பெயரை வைத்திருந்து, அந்தப் பையன் தேர்வுக்கு வராமல் போனால், அல்லது வந்து ஃபெயிலானால், மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது ஹெச்.எம். ஒருவர்தான். நான் அப்படி நிற்கும் ஹெச்.எம்.களைப் பார்த்திருக்கிறேன். 'உங்க ஸ்கூல் ஏன் பின்தங்கி இருக்கு?' என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். வருடா வருடம் அதை வாங்கிக்கொண்டு, அடுத்த ஜூனில் மறுபடி அந்த நோட்டைத் திறப்பது சாதாரண நெஞ்சுரம் அல்ல.

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்தியது. அது நல்ல முடிவு. ஆனால் சதவீத வரிசை நிற்கவில்லை. அது இருக்கும்வரை டி.சி. கொடுக்கும் ஆசையும் இருக்கும். ஆகவே ஃப்ளெக்ஸில் 'தேர்ச்சி விகிதம்' என்ற வார்த்தை வேண்டாம் என்பதில் நான் வண்டிப்பாளையத்தான் பக்கம்.

முதுநகர் கடைக்காரர் (1994 பேட்ச்)

ஃப்ளெக்ஸே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் காசுக்கு வேறு செலவு இருக்கிறது.

நேற்று நானும் 1994 செட்டு இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தோம். மோதிரம் என்றதும் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். 'தங்கம் மட்டும் வேணாம்பா, நான் போடறதும் இல்ல' என்றார். புடவை, பூ, பழம் வைத்துத் தாம்பூலத் தட்டு கொடுக்கிறோம், மறுக்கக் கூடாது என்றோம், சம்மதித்தார். பொன்னாடை ஒன்றே ஒன்று, முன்னாள் மாணவர்கள் எல்லோர் சார்பிலும். தனித்தனியாகச் சால்வை கொண்டுவரும் உத்தேசம் இருப்பவர்கள் அதற்குப் பதில் லாங் சைஸ் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வாருங்கள். ஜூனில் பிள்ளைகளுக்குப் போகும்.

மேடையில் டீச்சர், தாளாளர், புதிதாகப் பொறுப்பேற்கும் சார், மூவருக்குத்தான் நாற்காலி. நாமெல்லாம் கீழே. டாக்டர் தம்பிகளுக்கும் சொல்லிவிட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். பேசுவது சிங்காரத்தோப்புத் தங்கச்சி, சோனாங்குப்பத்துத் தம்பி, பி.டி.ஏ. டீச்சர். கேப்பர் மலைத் தம்பி பேச விரும்பினால் அவரும்.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று கேட்டார். அதைத்தான் இங்கே எழுத வந்தேன். இந்த வருட நோட்டில் இன்னும் பதினேழு பெயர் 'கீ/கொ'வில் நிற்கிறதாம். மேக்குள் முடியாது என்கிறார். புது சாரிடம் நோட்டைக் கொடுத்து விளக்கிவிட்டார். அவரும் போகிறேன் என்றாராம், ஆனால் வெளியூர்க்காரர், இந்தப் பக்கத்துத் தெரு, குப்பம், மனிதர் யாரும் பழக்கமில்லை. 'உங்கள்ல யாராவது கூடப் போறீங்களா?' என்று கேட்டார்.

சிங்காரத்தோப்பு (2007 பேட்ச்)

நான் போகிறேன் அண்ணா. எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊருக்கும் அக்கரைக்கோரிக்கும் நான்.

பண்ருட்டி வாத்தியார் (1999 பேட்ச்)

அவசரப்படாமல் முறையாகச் செய்வோம். நாமாகவே ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் யார் நீங்கள் என்றுதான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உதவிபெறும் பள்ளியில், பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கே ஆலோசனை சொல்லும் பொறுப்புதான் உண்டு. ஆகவே பள்ளியின் ஆசிரியர் ஒருவர் முன்னே, நாம் ஊர்க்காரராகக் கூட. பெண் பிள்ளை வீடு என்றால் அக்காக்கள் யாராவது கட்டாயம் வர வேண்டும். பெயர்களை வாட்ஸப்பில் போடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீட்டில் கேட்டது வீட்டோடு. ஹெச்.எம். நோட்டில் மட்டும் எழுத வேண்டும்.

முன்னாள் பி.டி.ஏ. டீச்சர் (2001 பேட்ச்)

பச்சாங்குப்பம், ஈச்சங்காடு நான் வருகிறேன். ஸ்கூட்டி இருக்கிறது. துணைத் தேர்வு எழுத வேண்டியவர்களுக்கு ஜூன் முழுக்கச் சாயங்காலம் கணக்கும் இயற்பியலும் எடுக்கத் தயார். வணிகவியலுக்கு ஆள் வேண்டும்.

சோனாங்குப்பம் (2023 பேட்ச்)

வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நான் எடுக்கிறேன் அக்கா. எங்கள் ஊரில் நோட்டில் இருப்பது யார் என்று எனக்கே தெரியும், என்னோடு போட்டுக்கு வருகிறவன். ஏழு மணிக்கு முன்னால் வந்தால் கரையில் பிடிக்கலாம்.

வண்டிப்பாளையத்தான் (1997 பேட்ச்)

பிள்ளைகளின் பரீட்சைப் பணம், பஸ் செலவு, செருப்பு, இதற்கெல்லாம் தனிக் கணக்கு ஒன்று தொடங்குகிறேன். விழாச் செலவோடு கலக்காது. அபுதாபித் தம்பி, உங்கள் செட்டு பணத்தில் மோதிரத்துக்கு ஒதுக்கியதை இதற்கு மாற்றலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். மாதா மாதம் வரவு செலவை இந்த இழையிலேயே போடுகிறேன். ரசீது இல்லாத செலவு ஒன்றுகூட இருக்காது, டீச்சர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அபுதாபியிலிருந்து (2000 பேட்ச்)

கேட்டுவிட்டேன் அண்ணா, எல்லோருக்கும் சம்மதம். முழுவதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேப்பர் மலை (2003 பேட்ச்)

குடிகாடு, சிப்காட் பக்கம் யாரும் பெயர் கொடுக்கவில்லை. அங்கே எனக்கு எல்லாத் தெருவும் தெரியும், கடைக்கு வருபவர்கள் பாதிப் பேர் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் கடை மூடியிருக்கும். எந்த ஆசிரியர் வருகிறார் என்று மட்டும் சொல்லுங்கள், நானே வண்டியில் அழைத்துப் போகிறேன். விழாவில் பேசுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதுநகர் கடைக்காரர் (1994 பேட்ச்)

குடிகாட்டுக்கு ஆங்கிலம் எடுக்கும் சார் வருகிறார், உன் நம்பரை அவரிடம் கொடுத்துவிடுகிறேன் தம்பி. ஜூன் முதல் ஞாயிறு, மூன்று மணி. விழா மே 31 மாலை ஐந்து மணிக்கு. வெயில் இருக்கும், பெரியவர்களை அழைத்து வருபவர்கள் வடக்குப் பக்கக் கேட் வழியாக வாருங்கள், அங்கேதான் நிழல். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று 25ஆம் தேதிக்குள் அவரவர் செட்டு பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.